ஒரு பிளஸ் டூ மாணவியின் கல்லூரிச் சேர்க்கை: ஏப்ரல் முதல் டிசம்பர் வரை – நிகழ்வு ஆய்வு

பின்னணி

தமிழ்நாட்டின் வட மாவட்டம் ஒன்றில் உள்ள அரசு மேல்நிலைப் பள்ளியில் 2024 மார்ச்சில் பிளஸ் டூ எழுதிய மாணவி இவர். பாடப்பிரிவு கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல். பயிற்று மொழி தமிழ். மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர். அப்பா கட்டட வேலைக்குப் போகிறார். அம்மா நூறு நாள் வேலைக்கும், அது இல்லாத நாட்களில் களையெடுக்கவும் போகிறார். அண்ணன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு ஒரகடம் பக்கம் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறார். தாத்தா பாட்டி வரை தேடினாலும் குடும்பத்தில் பட்டம் வாங்கியவர் யாரும் இல்லை.

மே 6-ல் தேர்வு முடிவு வந்தது. கணிதத்தில் 81, இயற்பியலில் 72, வேதியியலில் 78. பொறியியல் கலந்தாய்வில் கணிதத்தை 100-க்கும், இயற்பியலையும் வேதியியலையும் தலா 50-க்கும் கணக்கிடுவார்கள். ஆகவே 81, 36, 39 சேர்த்து 200-க்கு 156 கட்-ஆஃப். இது பெருநகரக் கல்லூரிகளில் கணினி அறிவியல் கிடைக்கும் மதிப்பெண் அல்ல. ஆனால் அரசுக் கல்லூரி வாய்ப்பு இல்லை என்று சொல்லிவிடும் மதிப்பெண்ணும் அல்ல. இந்த நடுப்பகுதியில் நிற்கும் பிள்ளைகளுக்குத்தான் வழிகாட்டல் அதிகம் தேவைப்படுகிறது. 190-க்கு மேல் இருப்பவர் எப்படி நிரப்பினாலும் ஓரளவு நல்ல இடத்தில் போய் நிற்பார். 156-ல் நிற்பவருக்கு விருப்பப் பட்டியலில் ஒரு வரிசை மாறினாலும் நான்கு ஆண்டுச் செலவே மாறிவிடும்.

குடும்பம் பள்ளியின் உயர்கல்வி வழிகாட்டிக் குழுவிடம் வந்தது மே 9-ல். அதற்கு முன்பே சில காரியங்கள் நடந்து முடிந்திருந்தன.

முதல் சந்திப்பில் தெரிந்தவை

ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒரு சேர்க்கைத் தரகர் வீட்டுக்கே வந்திருக்கிறார். மாணவியின் பெயர், பாடப்பிரிவு, அப்பாவின் தொலைபேசி எண் எல்லாம் அவர் கையில் இருந்தன. 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு சுயநிதிக் கல்லூரியில் கணினி அறிவியல் இடம் "போட்டுத் தருவதாக" சொல்லி 10,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார். "அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணு, 7.5-ல எல்லாமே ஃப்ரீ. இது சீட்டைப் பிடிச்சு வைக்க மட்டும்தான்" என்பது அவர் சொன்ன விளக்கம். பத்தாம் வகுப்பு, பதினோராம் வகுப்பு அசல் மதிப்பெண் பட்டியல்களும் சாதிச் சான்றிதழும் அவரிடம் போய்விட்டன. கைக்கு வந்தது ஒரு துண்டுச்சீட்டு. அதில் கல்லூரி முத்திரையும் இல்லை, ரசீது எண்ணும் இல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் வேறொன்று. பொறியியல் சேர்க்கைக்கான இணையப் பதிவு மே 6-ல் தொடங்கியதும், மறுநாளே மாணவியின் பெயரில் தரகரே விண்ணப்பத்தைப் பதிவு செய்துவிட்டார். மொபைல் எண் அவருடையது. மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் அவருடையவை. இந்த நிலை நீடித்தால் கலந்தாய்வின்போது வரும் ஓ.டி.பி. முழுவதும் அவருக்கே போகும். விருப்பப் பட்டியலில் ஒரே கல்லூரியை மட்டும் நிரப்பிப் பூட்டிவிட்டாலும் குடும்பத்துக்குத் தெரியவராது. இப்படிப் பூட்டப்பட்ட பட்டியலை அந்தச் சுற்றில் பிறகு திறக்க முடியாது.

மூன்றாவதாக, விண்ணப்பத்தில் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு "ஆம்" என்று குறிக்கப்பட்டிருந்தது.

7.5 சதவீதம் ஏன் பொருந்தவில்லை

தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு தரும் சட்டம் 2021-ல் வந்தது. இதில் பொறியியல் இடம் பெறுபவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் முதலியவற்றை அரசே ஏற்கிறது. தகுதி ஒன்றுதான்: ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஏழு ஆண்டுகளும் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஊராட்சி ஒன்றியம், நகராட்சி, மாநகராட்சி, ஆதிதிராவிடர் நலம், கள்ளர் சீரமைப்பு, வனத்துறைப் பள்ளிகள் இதில் சேரும். கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் இடம் உண்டு. அரசு உதவிபெறும் பள்ளி சேராது.

இந்த மாணவி ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளை ஊரில் இருந்த உதவிபெறும் நடுநிலைப் பள்ளியில் படித்தவர். கட்டணம் கிடையாது, மதிய உணவும் பாடநூலும் சீருடையும் அரசு தந்தவை. அதனால் அதையும் அரசுப் பள்ளி என்றே குடும்பம் நினைத்திருந்தது. நினைத்ததில் வியப்பில்லை, ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் கலந்தாய்வில் இந்த விவரம் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் என்ற இணையவழி மாணவர் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படும். தவறாகக் கோரினால் அந்த ஒதுக்கீட்டில் கிடைத்த இடம் ரத்தாகும். அதற்குள் பொதுப்பிரிவுச் சுற்று முடிந்திருந்தால் திரும்பிப் போக இடமிருக்காது.

"எல்லாமே ஃப்ரீ" என்ற கணக்கு இங்கேயே உடைந்தது. அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ இன்ஜினியரிங் வேணாம் டீச்சர், நர்சிங் போட்டுடலாமா?" என்று கேட்டார். மாணவி உயிரியல் படிக்கவில்லை என்பதால் பி.எஸ்சி. நர்சிங் வழி பத்தாம் வகுப்பு முடிந்தபோதே மூடிவிட்டது. இந்தக் கேள்வி ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் வருகிறது. வரவேண்டிய காலம் பதினோராம் வகுப்பில் பாடப்பிரிவு எடுக்கும் ஜூன் மாதம்.

முதல் முடிவு: சான்றிதழும் கடவுச்சொல்லும் திரும்ப வேண்டும்

எந்தப் படிப்பு என்று பேசுவதைக் குழு ஒரு வாரம் தள்ளிவைத்தது. அசல் சான்றிதழும் இணைய நுழைவும் மாணவி கைக்கு வராத நிலையில் படிப்பைத் தேர்ந்து பயனில்லை என்பதே காரணம்.

முதலில் மொபைல் எண். மாவட்டத்துக்கான பொறியியல் சேர்க்கை உதவி மையத்துக்கு மாணவியும் அப்பாவும் நேரில் போனார்கள். மாணவியின் ஆதார், பிளஸ் டூ தற்காலிக மதிப்பெண் பட்டியல், எழுத்துமூலமான கோரிக்கை ஆகியவை கொண்டுபோனார்கள். எண் அப்பாவின் பெயரில் உள்ள சிம்முக்கு மாற்றப்பட்டது, கடவுச்சொல் புதிதாக அமைக்கப்பட்டது. அங்கேயே 7.5 சதவீதக் கோரிக்கை நீக்கப்பட்டு, ஆறு முதல் எட்டு வரை படித்த பள்ளியின் விவரம் திருத்தப்பட்டது. அண்ணனின் எண்ணைக் கொடுக்க வேண்டாம் என்று குழு முன்கூட்டியே சொல்லியிருந்தது. வேலை மாறும்போது சிம்மும் மாறுகிறது. மூன்று மாதம் நடக்கும் சேர்க்கைக்கு எண் மாறாமல், ரீசார்ஜ் தீராமல் இருக்க வேண்டும்.

அடுத்தது சான்றிதழ்கள். தரகரிடம் நேரடியாக வாதாடுவதைத் தவிர்த்து, அந்தக் கல்லூரியின் முதல்வருக்கே கடிதம் போனது. மாணவர் சேரவில்லை என்றால் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்திருக்கக் கூடாது. குறித்த காலத்துக்குள் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்ப வேண்டும். இவை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதிகள். இதைச் சுட்டி, தேதியோடு, சான்றிதழ்களின் வரிசை எண்களோடு எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி நகல் வைத்துக்கொண்டார்கள். இப்படி ஒரு மாணவி எங்கள் பதிவில் இல்லை என்று கல்லூரியிலிருந்து பதில் வந்தது. அதற்கு மறுநாள் தரகரே மூன்று சான்றிதழ்களையும் கொண்டுவந்து கொடுத்தார்.

பணம் அப்படி வரவில்லை. கல்லூரி பெயரில் ரசீது இல்லாததால் கட்டணத் திருப்ப விதியைக் காட்ட வழியில்லை. இரண்டு தவணையாக 6,000 வந்தது. மீதி 4,000 வரவில்லை. காவல் நிலையத்தில் மனு கொடுப்பதா என்று பேசப்பட்டது. கூலி வேலையை விட்டுவிட்டு அலைய முடியாது என்று குடும்பம் அதை விட்டுவிட்டது.

இரண்டாம் முடிவு: முதல் பட்டதாரிச் சான்றிதழ்

7.5 போனபின் கையில் இருந்த சலுகை முதல் பட்டதாரி கட்டணச் சலுகை. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு மூலம் தொழிற்படிப்பில் சேர்பவருக்கே இது கிடைக்கும். கல்லூரி நிர்வாகமே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடைக்காது. தரகர் வழியாகப் போயிருந்தால் இதுவும் கைவிட்டுப் போயிருக்கும். அண்ணன் ஐ.டி.ஐ. படித்திருப்பதால் தகுதி இல்லை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அது தவறு. ஐ.டி.ஐ. சான்றும் பாலிடெக்னிக் பட்டயமும் பட்டம் அல்ல. பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர்கள் யாரும் பட்டதாரியாக இல்லாமலும், உடன்பிறந்தவர் யாரும் இதே சலுகையைப் பெறாமலும் இருந்தால் போதும்.

இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தார்கள். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று படியேறி வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகிறது. முதல் விண்ணப்பம் எட்டு நாளில் நிராகரிக்கப்பட்டது. குடும்ப அட்டையில் அப்பாவின் பெயருக்கு ஒரு எழுத்து முதலெழுத்து; மாணவியின் மாற்றுச் சான்றிதழில் இரண்டு எழுத்து. இரண்டும் ஒருவரே என்று உறுதிமொழி எழுதி, அப்பாவின் ஆதார் நகலையும் சேர்த்து மறுபடி விண்ணப்பித்தபின் பன்னிரண்டு நாளில் சான்றிதழ் வந்தது. கலந்தாய்வுக்கு இந்தச் சான்றிதழோடு கூட்டு உறுதிமொழிப் படிவமும் வேண்டும். பலர் சான்றிதழை மட்டும் பதிவேற்றிவிட்டு, படிவத்தை விட்டுவிடுகிறார்கள். சரிபார்ப்பில் சலுகைக் கோரிக்கை நிலுவையில் நிற்கிறது. வருமானச் சான்றிதழும் இதே நேரத்தில் வாங்கப்பட்டது. அது கலந்தாய்வுக்கு அல்ல, பிறகு உதவித்தொகைக்கும் விடுதிக்கும்.

ஆராயப்பட்ட வழிகள்

பாலிடெக்னிக் நேரடி இரண்டாம் ஆண்டு: பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம். இரண்டு ஆண்டில் வேலைக்குப் போகலாம்; விரும்பினால் அதன்பின் பி.இ. இரண்டாம் ஆண்டிலும் நேராகச் சேரலாம். அண்ணன் இதைத்தான் வலியுறுத்தினார். தொழிற்சாலையில் பட்டயம் முடித்தவருக்கும் ஐ.டி.ஐ. முடித்தவருக்கும் உள்ள ஊதிய வேறுபாட்டைத் தினமும் பார்ப்பவர் அவர். குடும்பத்துக்கு உடனடி வருமானம் கட்டாயம் என்ற நிலை இருந்திருந்தால் இதுவே சரியான முடிவு. இங்கே அண்ணனின் சம்பளம் இருந்ததால் இது மாற்று வழியாக வைக்கப்பட்டது.

பிளஸ் டூ முடித்தவர்களை நேரடியாகப் பயிற்சிக்கு எடுத்து, பகுதிநேரப் பட்டம் படிக்கவைக்கும் மென்பொருள் நிறுவனத் திட்டமும் பேசப்பட்டது. வீட்டைவிட்டு உடனே வெளியூர் போக வேண்டும் என்பதால் அம்மா ஒப்பவில்லை.

தமிழ் வழிப் பொறியியல்: அண்ணா பல்கலைக்கழகம் 2010 முதல் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ் வழியில் நடத்துகிறது. தமிழ் வழியிலேயே முழுக்கப் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. பட்டம் ஆங்கில வழியில் முடித்தால், பட்டத் தகுதியுள்ள பணிகளில் அந்த முன்னுரிமை போய்விடும். அரசு வேலையை உறுதியாகக் குறிவைப்பவர் இதை எண்ணிப் பார்க்காமல் விடக்கூடாது. மாணவிக்கு இரண்டு துறையிலும் நாட்டம் இல்லை. ஆனாலும் இரண்டு தமிழ் வழி இடங்களைப் பட்டியலின் நடுவில் சேர்க்கச் சம்மதித்தார்.

கல்விக் கடன் கடைசி இருப்பாக வைக்கப்பட்டது. நான்கு லட்சம் வரை பிணை கேட்காமல் வங்கிகள் தர வேண்டும் என்பது முறை. கலந்தாய்வு ஒதுக்கீட்டு ஆணை இருந்தால் வங்கியில் பேச்சு எளிதாகிறது.

மூன்றாம் முடிவு: முதலில் அரசு கலைக் கல்லூரி

இந்த நிகழ்வில் மற்றவர்கள் அதிகம் கவனிக்க வேண்டிய பகுதி இதுதான். அரசு கலை அறிவியல் கல்லூரிகளின் சேர்க்கை மே மாதமே தொடங்கி, ஜூனில் கலந்தாய்வு முடிந்து, ஜூலை தொடக்கத்தில் வகுப்பு ஆரம்பித்துவிடுகிறது. பொறியியல் பொதுக் கலந்தாய்வு 2024-ல் ஜூலை 29-ல்தான் தொடங்கியது. பொறியியலுக்காக மட்டும் காத்திருந்து, ஆகஸ்டில் எதிர்பார்த்தது கிடைக்காமல் போனால், அப்போது அரசு கலைக் கல்லூரியில் நல்ல பாடம் எதுவும் மீந்திருக்காது. அந்த நேரத்தில்தான் நிர்வாக ஒதுக்கீடு விற்பவர்கள் மறுபடி வருகிறார்கள்.

ஆகவே கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கச் சொன்னது குழு. ஒரு கல்லூரிக்கு விண்ணப்பக் கட்டணம் 48, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 50 ரூபாய். ஜூன் கலந்தாய்வில் பி.எஸ்சி. கணிதம் கிடைத்தது, மாணவி சேர்ந்தார். குழுவிலேயே இதற்கு மறுப்பு இருந்தது. விட்டுப் போகப்போகிறவர் இன்னொருவரின் இடத்தைப் பிடிப்பது நியாயமா என்ற கேள்வி நேர்மையான கேள்விதான். காலியாகும் இடங்களை நிரப்ப அரசுக் கல்லூரிகள் பிறகும் சேர்க்கை நடத்துகின்றன. பொறியியல் கிடைக்காவிட்டால் இவர் உண்மையாகவே கணிதம் படிக்க விரும்பினார். இந்த இரண்டும் சேர்ந்ததால்தான் அந்த முடிவு எடுக்கப்பட்டது. பிடிக்காத பாடத்தில் வெறும் பாதுகாப்புக்காகச் சேர்வதைக் குழு ஊக்குவிப்பதில்லை.

சேரும்போது மாற்றுச் சான்றிதழ் அசலைக் கல்லூரி வாங்கிக்கொள்ளும். அதற்கு முன் எல்லாச் சான்றிதழ்களும் அசலிலிருந்தே ஸ்கேன் செய்யப்பட்டு, தனித்தனிக் கோப்பாக மாணவியின் மின்னஞ்சலில் வைக்கப்பட்டன. மொபைலில் எடுத்த படம் ஓரம் வெட்டுப்பட்டோ நிழல் விழுந்தோ இருந்தால் சரிபார்ப்பில் திருப்பி அனுப்புவார்கள்.

விருப்பப் பட்டியல்

ஜூலை 10-ல் தரவரிசை வந்தது. 156 கட்-ஆஃப் இரண்டாம் சுற்றில் விழுந்தது.

மாணவி முதலில் எழுதிவந்த பட்டியலில் எட்டு இடங்கள் இருந்தன. எட்டும் கணினி சார்ந்தவை, எட்டும் வீட்டுக்குப் பக்கத்துச் சுயநிதிக் கல்லூரிகள். பட்டியலுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. எத்தனை வேண்டுமானாலும் கொடுக்கலாம். எட்டோடு நிறுத்தியிருந்தால் எதுவும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்படும் வாய்ப்பு இருந்தது.

முன் ஆண்டின் கல்லூரிவாரி, வகுப்புவாரிக் குறைந்தபட்சக் கட்-ஆஃப் பட்டியலை இறக்கி, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் நெடுவரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு வேலை தொடங்கியது. 160-க்கு மேல் 166 வரை போன இடங்கள், 150 முதல் 160 வரை, அதற்குக் கீழ் என்று மூன்றாகப் பிரித்தார்கள். வரிசைப்படுத்தும்போது மட்டும் அந்தப் பிரிவுகளை மறந்துவிட்டு, எது அதிகம் வேண்டும் என்பதை மட்டும் பார்த்தார்கள். கிடைக்காத இடத்தை மேலே போட்டால் ஒரு வாய்ப்பு வீணாகும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. கணினி முதல் விருப்பத்திலிருந்து கீழே வந்து, காலியாக உள்ள முதல் இடத்தைக் கொடுக்கிறது. மேலே எத்தனை தவறினாலும் கீழுள்ளதற்கு இழப்பு இல்லை. மாறாக, எளிதாகக் கிடைக்கும் இடத்தை மேலே போட்டால் அதுவே கிடைக்கும், அதற்குக் கீழே உள்ள நல்ல இடத்தைக் கணினி பார்க்கவே பார்க்காது.

உண்மையான விவாதம் சுயநிதிக் கல்லூரியில் கணினியா, அரசுக் கல்லூரியில் மின்னியலா என்பதில் நடந்தது. அதற்குக் கணக்கு போடப்பட்டது. சுயநிதிக் கல்லூரியில் கலந்தாய்வு இடத்துக்குக் கல்விக் கட்டணம் 50,000. முதல் பட்டதாரிச் சலுகை 25,000 போக மீதி 25,000. இதுவரைதான் விளம்பரத்தில் வரும். எழுத்தில் கேட்டு வாங்கிய பட்டியலில் பேருந்துக்கு 30,000, பயிற்சி, சீருடை, நூலகம் என்று 18,000 இருந்தது. ஆக முதல் ஆண்டுக்கு 73,000. நான்கு ஆண்டுக்கு, உயர்வே இல்லை என்று வைத்தாலும், 2,92,000. அரசுப் பொறியியல் கல்லூரியில் கல்லூரிக் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரங்கள்தான். செலவு முழுக்க விடுதியும் சாப்பாடும். அரசு நல விடுதி கிடைத்தால் அதுவும் இல்லை. இந்தத் தாளைப் பார்த்தபின் மாணவியே வரிசையை மாற்றினார். முதல் இரண்டு இடத்தில் அரசுக் கல்லூரிகளின் கணினி அறிவியல், பிறகு அரசுக் கல்லூரிகளின் மின்னியலும் மின்னணுவியலும், பிறகு அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகள், அதற்குக் கீழேதான் சுயநிதிக் கல்லூரிகள். மொத்தம் 64 விருப்பங்கள்.

பூட்டுவதற்கு முன் இரண்டு சரிபார்ப்பு. ஒன்று, கல்லூரிக் குறியீட்டு எண்: பெயரில் ஒரே மாதிரி ஒலிக்கும் கல்லூரிகள் பல உண்டு, எண் மட்டுமே நம்பகமானது. பட்டியலில் ஒரு எண் தவறாக இருந்தது, திருத்தப்பட்டது. இன்னொன்று, பாடப்பிரிவுக்குப் பக்கத்தில் உள்ள குறிப்பு: அரசு உதவிபெறும் கல்லூரியில்கூட சில பிரிவுகள் சுயநிதியாக நடக்கின்றன, 'எஸ்.எஸ்.' என்ற குறி இருந்தால் கட்டணம் வேறு.

ஆகஸ்டில் நடந்தவை

தற்காலிக ஒதுக்கீட்டில் ஆறாவது விருப்பமான பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியில் மின்னியல் வந்தது. இரண்டு நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் இடம் போய்விடும். ஏற்றுச் சேர்வது, ஏற்றுக்கொண்டு மேலுள்ள விருப்பத்துக்குக் காத்திருப்பது, மறுத்துவிட்டு மேலுள்ளதற்குக் காத்திருப்பது, அடுத்த சுற்றுக்குப் போவது, விலகுவது எனத் தேர்வுகள் இருந்தன. இரண்டாவதைத் தேர்ந்தார்கள். கையில் உள்ள இடம் பத்திரமாக இருக்க, மேலுள்ள ஐந்தில் ஒன்று காலியானால் அது கிடைக்கும். ஆனால் உயர்வு கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாக ரத்தாகிவிடும், திரும்பப் போக முடியாது. ஆகவே மேலுள்ள ஒவ்வொன்றும் இதைவிட உண்மையிலேயே மேலானதா என்று மறுபடி பார்த்தபின்பே தேர்வு உறுதி செய்யப்பட்டது.

இந்தத் தேர்வுக்கு உதவி மையத்தில் குறித்த நாளுக்குள் கட்டணம் செலுத்திச் சேர்க்கையைப் பதிய வேண்டும். மாற்றுச் சான்றிதழ் கலைக் கல்லூரியில் இருந்தது. இடையில் விடுமுறையும் வந்தது. முதல்வருக்கு விண்ணப்பம், துறைத் தலைவர் கையெழுத்து, நூலக நிலுவையின்மைச் சீட்டு எனச் சேர்த்து இரண்டு வேலை நாளில் சான்றிதழ் கிடைத்தது. பல்கலைக்கழகப் பதிவு இன்னும் முடியாததால் பள்ளியின் அசலையே குறிப்பெழுதித் திருப்பிக் கொடுத்தார்கள். பதிவு முடிந்திருந்தால் கல்லூரி புதிதாக ஒரு மாற்றுச் சான்றிதழ் தயாரிக்க வேண்டியிருக்கும், அதற்கு நாள் பிடிக்கும்.

உயர்வுச் சுற்றில் மூன்றாவது விருப்பம் கிடைத்தது. வீட்டிலிருந்து ஐந்து மணிநேரப் பயணத்தில் இருக்கும் அரசுப் பொறியியல் கல்லூரி, மின்னியலும் மின்னணுவியலும். முதல் பட்டதாரிச் சலுகை ஒதுக்கீட்டு ஆணையிலேயே பதிவாகியிருந்தது.

பிறகு நடந்தவை

சேர்க்கை முடிந்ததும் எல்லோரும் ஓய்ந்துவிட்டார்கள். அங்கே ஒரு செலவு நுழைந்தது. மிகவும் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் கல்லூரி மாணவியர் விடுதிக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். உணவும் தங்குமிடமும் இலவசம்; பெண்களுக்கு வீட்டிலிருந்து இத்தனை தொலைவு என்ற நிபந்தனையும் இல்லை. வருமானச் சான்றிதழ் மே மாதமே தயாராக இருந்தும், விண்ணப்பம் போனது செப்டம்பர் கடைசியில். இடம் கிடைத்தது நவம்பரில். இரண்டு மாதம் தனியார் விடுதியில் தங்கியதற்கு 11,000 ரூபாய் போனது. தரகரிடம் போன பணத்தைவிட இது அதிகம்.

கல்லூரி மாணவிகளுக்கு மாத உதவித்தொகை தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-ல் தொடங்கியபோது அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டுமே இருந்தது. உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் அது விரிவாக்கப்பட்டு, 2024 டிசம்பர் 30-ல் நடைமுறைக்கு வந்தது. கல்லூரிப் பொறுப்பாசிரியர் வழியாக இவர் பெயர் பதிவானது. மாதம் 1,000 ரூபாய் வரத் தொடங்கியது. ஆதாரோடு இணைந்த கணக்கு மாணவியின் பெயரில் ஏற்கெனவே இருந்ததால் தாமதம் இல்லை. பெற்றோருடன் கூட்டுக் கணக்கு வைத்திருந்த வகுப்புத் தோழி ஒருவருக்கு அதனாலேயே ஒரு மாதம் தள்ளிப்போனது.

முதல் பருவத் தேர்வில் இரண்டு அரியர்: கணிதமும் இயற்பியலும். பிளஸ் டூவில் 81 வாங்கிய பாடத்தில் அரியர் விழுந்தது குடும்பத்தைக் கலக்கியது. விடைத்தாளைப் பற்றி மாணவி சொன்னதிலிருந்து காரணம் தெளிவாகத் தெரிந்தது. கணக்கு தெரியும், கேள்வியின் ஆங்கிலச் சொற்கள் தெரியவில்லை. தமிழ் வழியில் 'அணி', 'தரம்', 'நுண்கணிதம்' என்று படித்தவர் அதே கருத்தை ஆங்கிலப் பெயரில் பார்த்தபோது அடையாளம் காணவில்லை. கல்லூரியின் மூத்த மாணவி ஒருவர் உதவியோடு பாடவாரியாக இருமொழிச் சொல் பட்டியல் ஒன்றைக் கைப்பட எழுதிக்கொண்டார். அடுத்த பருவத்தில் இரண்டையும் முடித்தார்.

மாற்ற வேண்டியவை

பள்ளி தன் நடைமுறையில் சிலவற்றை மாற்றிக்கொண்டிருக்கிறது. பிளஸ் டூ மாணவர்களின் தொலைபேசிப் பட்டியல் இனி தலைமையாசிரியர் மேசையில் மட்டுமே இருக்கும். சேர்க்கை முகாம் என்று வரும் வெளியாட்களிடம் மாணவர்கள் எண் எழுதிக்கொடுக்கும் வழக்கம் நிறுத்தப்பட்டது. தரகருக்கு எண் எங்கிருந்து போனது என்பது உறுதியாகத் தெரியவரவில்லை. ஆனால் போக வழி இருந்தது.

நவம்பரில் ஒவ்வொரு மாணவருக்கும் எமிஸ் பதிவைப் பார்த்து, ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பள்ளி, அதன் வகை, பயிற்று மொழி மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கப்படுகிறது. எந்தச் சலுகை யாருக்கு என்பது அங்கேயே முடிந்துவிடுகிறது. முதல் பட்டதாரி, வருமானம், சாதிச் சான்றிதழ்களுக்கு ஜனவரியில் விண்ணப்பிக்கிறார்கள். மே மாதத்தில் இ-சேவை மையத்திலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் எல்லோரும் ஒரே நேரத்தில் நிற்பார்கள். விண்ணப்பிக்கும் முன் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரோடும் முதலெழுத்தோடும் குடும்ப அட்டையும் ஆதாரும் பொருந்துகின்றனவா என்று ஒப்பிடுவது கட்டாயம்.

தேர்வு முடிந்த வாரமே பெற்றோர் கூட்டம் ஒன்று. அதில் மூன்று விஷயம் மட்டும் பேசப்படுகிறது: அசல் சான்றிதழை ஒதுக்கீட்டு ஆணை வரும்வரை யாரிடமும் கொடுக்கக் கூடாது, கல்லூரி பெயரில் ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் தரக் கூடாது, இணையப் பதிவு பெற்றோர் எண்ணில் மட்டும். வெளியூர்க் கல்லூரி ஒதுக்கீடு வந்தால், சேரும் அன்றே விடுதி விண்ணப்பத்தையும் அங்குள்ள நலத்துறை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வர வருமானச் சான்றிதழ் நகல் கையில் இருக்க வேண்டும் என்பதும் பட்டியலில் சேர்ந்திருக்கிறது.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பொறியியலுக்குக் காத்திருக்கும் தமிழ் வழி மாணவர்களுக்கு, வாரம் இரண்டு மாலை, பிளஸ் டூ கணிதம், இயற்பியல் பாடநூல்களின் தமிழ்ப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் வகுப்பு தொடங்கப்பட்டுள்ளது. அணிகள், வகையிடல், தொகையிடல், திசையன் ஆகிய நான்கு அலகுகளில் தொடங்குகிறார்கள். முதல் பருவக் கணிதத்துக்கு அடித்தளம் பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கிறது.